மொய் நோட்டில் நான்கு நாச்சிமுத்துகள்

குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் நகராட்சியில் போய்ப் பதிந்துவிட வேண்டும் என்பது நெதர்லாந்தில் விதி. நான் தையலோடு படுத்துக் கிடந்ததால் சிவா மட்டும் போனார். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"பாப்பாவோட பின்பெயர் என்னன்னு கேக்கறாங்க."

"நிலான்னு சொன்னீங்களா?"

"அது முன்பெயராம். பின்பெயருக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட முடியாதாம்."

குடும்பப் பெயரை டச்சு மொழியில் ‘ஆஹ்தர்நாம்’ என்கிறார்கள். நேர்ப்பொருள் பின்பெயர். எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் ஏற்கெனவே போதுமான அளவு விளையாடியிருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரான நாச்சிமுத்து பின்பெயராக உட்கார்ந்திருக்கிறது. சிவாவின் பாஸ்போர்ட்டில் ‘சிவக்குமார்’ என்று ஒற்றைப் பெயர்தான். இங்கே வந்து பதிந்தபோது அது பின்பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டது; முன்பெயர்க் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. ஆக, எங்கள் தபால்பெட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கிறவர்களுக்கு இந்த வீட்டில் நாச்சிமுத்துவும் சிவக்குமாரும் குடியிருக்கிறார்கள். மாமனாரும் மருமகனும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற மாதிரி.

சிவாவின் நண்பர் ஒருவர் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் அவருக்கு முன்பெயர் ‘எஃப்.என்.யு’ என்று அச்சாகி வந்தது. ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அங்கே அலுவலகத்தில் அவரை ‘ஃபுனு’ என்று கூப்பிட ஆரம்பித்து, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

நகராட்சியம்மா பொறுமைசாலி. "உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?" என்று சிவாவிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு சட்டமே எங்களுக்கு இல்லை என்று இவர் சொன்னதும், "அப்படியானால் யோசித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள். நீங்கள் கொடுப்பதுதான் இந்தக் குழந்தையின் பிள்ளைகளுக்கும் போகும், ஞாபகம் இருக்கட்டும்" என்று அனுப்பிவைத்துவிட்டார்.

பிறந்து இரண்டு நாளான பெண்ணின் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் பெயர் வைக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு ராத்திரி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க எழுந்தபோதெல்லாம் ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் போன். அன்றும் அதற்குப் பிறகு வந்த ராத்திரிகளிலும் படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு.

*

முதலில் எங்கள் ஊர். கொடுமுடிப் பக்கம், மஞ்சளும் கரும்பும் விளைகிற பூமி. ஊரில் நாச்சிமுத்து நான்கு பேர். ஊருக்கு மேற்கே தோட்டம் இருப்பவர் மேக்காட்டு நாச்சிமுத்து. மாவு மில் வைத்திருந்தவர் மில்லுக்கார நாச்சிமுத்து. மில்லை விற்றுப் பதினைந்து வருடமாகியும் அவர் மில்லுக்காரர்தான். மூன்றாமவர் நெட்டை நாச்சிமுத்து, அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. நான்காவது என் அப்பா. தாத்தா பெயர் பொன்னுசாமி என்பதால் அவர் ‘பொன்னாம் பையன்’. அறுபத்தெட்டு வயதிலும் பையன்.

இருக்கும் இடம், செய்யும் தொழில், உடம்பு வாகு, அப்பன் பெயர். உலகத்தில் உள்ள குடும்பப் பெயர்களை எடுத்து உதறினால் பெரும்பாலானவை இந்த நான்கு கூடைக்குள் விழுந்துவிடும். அதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், எங்கள் ஊர் டீக்கடையில் "எந்த நாச்சிமுத்து?" என்று கேட்டால் போதும். ஆனால் டீக்கடையில் கிடைக்கும் பதில் அந்த நேரத்துக்கு மட்டும். மில்லுக்காரர் மகன் கோயமுத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான், அவனை யாரும் மில்லுக்காரன் என்பதில்லை. பதில் எப்போது உறைந்து கெட்டியாகிறது? யாராவது நோட்டில் எழுதும்போது.

எங்கள் ஊரில் அந்த நோட்டு மொய் நோட்டு. என் கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்தவன் என் சித்தப்பா பையன், காலேஜ் படிக்கிறவன். கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதினான். மேக்காட்டுக்காரரின் அப்பா பெரியசாமி, மில்லுக்காரரின் அப்பா பெருமாள். இவன் பாட்டுக்கு இரண்டு பக்கத்தில் இரண்டு தடவை ‘பெ. நாச்சிமுத்து’ என்று எழுதிவைத்தான். ஒன்றில் இரண்டாயிரம், ஒன்றில் ஐந்நூறு. ஒரு வருடம் கழித்து இரண்டு வீட்டிலும் விசேஷம் வந்தது. அப்பா குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு மில்லுக்காரருக்கு இரண்டாயிரமும் மேக்காட்டுக்காரருக்கு ஐந்நூறும் செய்தார். தலைகீழ். மேக்காட்டுக்காரர் ஆறு மாதம் பேசவில்லை.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்து விசேஷங்களுக்கு மொய் எழுத ஒரு பெரியவர் வருவார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஆளை நிமிர்ந்து பார்த்து, ஊர், தோட்டம், இன்னார் மகன், மூன்றையும் எழுதிய பிறகுதான் பணத்தைத் தொடுவார். "திருப்பிச் செய்யற கணக்கு கண்ணு. ஆளு தெரியோணுமல்ல?" என்று அப்பா அன்றைக்குப் புலம்பியது எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது பார்த்தால் உலகச் சரித்திரத்தில் குடும்பப் பெயர்கள் முளைத்த இடத்தில் எல்லாம் இதே பெரியவர்தான் ஏதோ ஒரு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திரும்ப வசூலிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது.

*

நான் இருக்கும் ஐந்தோவன் பக்கத்திலேயே நியூனன் என்று ஒரு சிற்றூர். வின்சென்ட் வான்கோ 1883இலிருந்து 1885 வரை அங்கேதான் இருந்தார். உருளைக்கிழங்கு தின்னும் குடும்பத்தை வரைந்த படம் அந்த ஊரில் பிறந்தது. ‘வான்’ என்றால் ‘இன்ன இடத்திலிருந்து’. ஜெர்மனியில் எல்லையை ஒட்டி ஹோஹ் என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊர்க்காரர் என்று பொருள். அந்தப் பெயரை டச்சுக்காரர்கள் சொல்கிற மாதிரி சொல்ல மற்ற நாட்டார் தொண்டையைக் காறிக்கொள்ள வேண்டும். அதனால்தான் படங்களில் ‘வின்சென்ட்’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டார், கண்காட்சிப் பட்டியலிலும் அப்படியே போடச் சொல்லித் தம்பிக்குக் கடிதம் எழுதினார். என் தகப்பனார் பெயர் இங்கே படும் பாட்டைப் பார்த்தால் அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மருத்துவரின் காத்திருப்பு அறையில் "மெஃப்ரவ் நாஹிமூட்டு!" என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை அது நான்தான் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

ரெம்பிராண்டின் முழுப்பெயர் ரெம்பிராண்ட் ஹார்மன்சோன் வான் ரைன். ஹார்மனின் மகன், ரைன்காரர். அப்பா ஹார்மன் லைடன் நகரில் ரைன் ஆற்றங்கரையில் ஆலை வைத்திருந்தவர். சொந்தப் பெயர், அப்பன் பெயர், இடம். பழைய டச்சு ஆவணங்களில் ‘சோன்’ என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டு ஓர் எழுத்தும் புள்ளியும் வைத்து முடித்துவிடுவார்களாம். மகளாக இருந்தால் இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. அதைப் படித்தபோது பாப்பாவைப் பிடித்திருந்த கையை அசைக்காமல் சிரித்தேன். இது நம் இனிஷியல். வைக்கும் இடம்தான் வேறு.

இனிஷியல் வெள்ளைக்காரன் கொடுத்த பழக்கம். பழக்கத்துக்கு அடியில் இருப்பது பழையது. சங்கப் புலவர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், அப்பாவின் தொழில், பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணிக்கடைக்காரர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று ஒருவர்: ஊர், தெரு, கால் ஊனம், பெயர் என எல்லாவற்றையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் நெட்டை நாச்சிமுத்துவுக்கு அவர் பாட்டன் முறை. பெயரே கிடைக்காதபோது பாட்டில் வந்த உவமையை எடுத்து செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று வைத்துவிட்டார்கள். தொகுத்தவர்களுக்கும் இரண்டு நாச்சிமுத்துகள் குழம்பிவிடக் கூடாது என்ற கவலை இருந்திருக்கும்.

நெதர்லாந்தில் நோட்டைத் திறந்தவர் நெப்போலியன். நாட்டைப் பிரெஞ்சுப் பேரரசோடு சேர்த்துக்கொண்ட கையோடு, 1811 ஆகஸ்டில் எல்லோரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. வரி வாங்கவும் படைக்கு ஆள் பிடிக்கவும் அது தேவை. நிறையப் பேருக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. வடக்கே ஃபிரீஸ்லாந்துப் பக்கம் நம்மைப் போல அப்பன் பெயரோடு மட்டும் இருந்தவர்கள் அதிகம். இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்: பிரெஞ்சுக்காரன் நாளைக்கே போய்விடுவான் என்று நினைத்து மக்கள் வேண்டுமென்றே கோமாளிப் பெயர்களாகக் கொடுத்தார்களாம், பிறகு அதுவே ஒட்டிக்கொண்டதாம். சாட்சியாக ‘நாக்ட்ஹெபோரன்’ என்ற பெயரைக் காட்டுவார்கள். ‘அம்மணமாகப் பிறந்தவன்’. நல்ல கதைதான், ஆனால் நம்பாதீர்கள். அது ‘நாஹ்கெபோரன்’ என்ற ஜெர்மன் சொல்லின் திரிபு என்பதுதான் பெயராய்வாளர்கள் சொல்வது. அப்பா செத்த பிறகு பிறந்த பிள்ளை என்று அர்த்தம். யாரோ ஒரு கைம்பெண்ணின் பிள்ளைக்கு ஊர் வைத்த அடையாளம் இருநூறு வருடமாகச் சிரிப்புக்குப் பயன்படுகிறது.

எனக்குப் பிடித்த டச்சுப் பெயர் வான் டென் பெர்ஹ். ‘மலையிலிருந்து வந்தவர்’. கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாட்டில் தெருவுக்கு ஒரு மலைக்காரர். சென்னிமலையைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்வார்கள்.

*

நெப்போலியனாவது பெயரை நீயே கொண்டுவா என்றார். பிலிப்பைன்ஸில் இருந்த ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா பெயர்களையே அச்சடித்துக் கொடுத்தார். 1849 நவம்பர் 21 தேதியிட்ட ஆணை. அதுவரை அங்கே மதம் மாறியவர்கள் ‘சிலுவையின்’, ‘புனிதர்களின்’ என்று பக்திப் பெயர்களாகச் சூடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு பெயர், தம்பி ஒரு பெயர். வரிக் கணக்கு எழுதுகிறவருக்குத் தலைவலி. கிளாவெரியா அறுபதாயிரம் அளவுக்குப் பெயர்களை அகர வரிசையில் தொகுக்கச் சொல்லி, மாகாணங்களுக்குப் பக்கம் பக்கமாக அனுப்பினார். அங்கிருந்து ஊர்களுக்குப் போயிற்று. அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊருக்கு ‘ஆர்’ எழுத்துப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. இன்றும் அந்த ஊர்ப் பூர்வீகக்காரர்கள் குடும்பப் பெயர் பெரும்பாலும் ‘ஆர்’ எழுத்தில்தான் தொடங்கும். ஒரு பிலிப்பினோவின் ஸ்பானியப் பெயரைப் பார்த்து ஸ்பானிய ரத்தம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ஒரு பட்டியலின் பக்க எண்தான்.

துருக்கியில் 1934 ஜூனில் குடும்பப் பெயர்ச் சட்டம். முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே ‘அத்தாதுர்க்’ என்று பெயர் கொடுத்தது, துருக்கியரின் தந்தை. வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. தளபதியாக இருந்த இஸ்மெத்துக்கு அவர் போரில் வென்ற ஊரான இனோனு பெயராயிற்று. மற்றவர்கள் கடைவீதியில் துணி எடுக்கிற மாதிரி பெயர் எடுத்தார்கள்: அஞ்சாதவன், இரும்பு, பாறை, அசல் துருக்கியன். ஆர்மீனிய, கிரேக்க, பல்கேரிய வால் உள்ள பெயர்கள் வேண்டாம் என்று விதியிலேயே இருந்தது. நான் இங்கே ரொட்டி வாங்கும் துருக்கிக் கடைக்காரரின் பெயர்ப்பலகையில் இருப்பது ‘வீரன்’ என்று பொருள்படும் சொல். ஆள் பூனையைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்.

மங்கோலியா நேர்மாறு. 1920களில் கம்யூனிஸ்ட் ஆட்சி குலப்பெயரே வேண்டாம் என்று அழித்துவிட்டது. ஆட்சி போன பிறகு 1990களில், அடையாள அட்டைக்காக மறுபடியும் குலப்பெயர் வேண்டும் என்றார்கள். எழுபது வருடத்தில் பலருக்குத் தங்கள் குலம் எது என்றே மறந்துபோயிருந்தது. ஆளாளுக்குச் செங்கிஸ்கானின் குலப்பெயரான போர்ஜிகினை எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியர் குர்ரக்சா மட்டும் அதை விட்டுவிட்டு ‘சன்சார்’ என்று வைத்துக்கொண்டார். அவர்கள் மொழியில் விண்வெளி. சமஸ்கிருத ‘சம்சாரம்’ பௌத்தத்தோடு மலையேறிப் போய் அங்கே பிரபஞ்சமாகியிருக்கிறது. நம்மூரில் அதே சொல் இறங்கி வந்து வீட்டுக்காரி ஆகிவிட்டது. "நம்ம சம்சாரமுங்க" என்று சிவா என்னை அறிமுகப்படுத்தினால் இனிமேல் கோபப்பட மாட்டேன்.

கட்டத்தை எதிர்த்து நின்ற நாடு ஐஸ்லாந்து. அங்கே இன்றும் அப்பன் பெயரோடு ‘சோன்’ அல்லது ‘தோத்திர்’, மகன், மகள். 1980இல் குடியரசுத் தலைவராகத் தேர்வான விக்திஸ் ஃபின்போகாதோத்திர், ஃபின்போகியின் மகள் விக்திஸ். நாட்டின் தலைவரையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டெலிபோன் புத்தகம் அச்சான காலத்தில் அதுவும் முதற்பெயர் வரிசையில்தான் இருந்தது. 1925இல் ஒரு சட்டம் வந்தது, துருக்கிக்கு எதிர்த்திசையில்: இனி யாரும் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்ததும், நகராட்சியம்மாவிடம் நாங்கள் ஐஸ்லாந்துக்காரர்கள் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

*

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக மார்தட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. வடக்கே எல்லாம் பெயருக்குப் பின்னால் சாதி, நமக்கு வெறும் எழுத்து. உண்மைதான், அது சும்மா வந்ததும் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரும் தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு மாநிலமே தன் பெயரின் வாலைக் கத்தரித்துவிட்டது. வேறு எங்கும் இவ்வளவு பரவலாக நடந்ததாக நான் படிக்கவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ‘கூட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. காடை கூட்டம், ஆந்தை கூட்டம், கண்ணன் கூட்டம் என்று நீளும். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், கட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆதாரில் இல்லை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இல்லை. எனக்கு ஜாதகம் எடுத்தபோது முதல் போனிலேயே முதல் கேள்வியாக வந்தது அதுதான். கொரியாவில் கிம் என்று ஐந்தில் ஒருவருக்குப் பெயர். ஆனால் எந்த ஊர்க் கிம் என்று ஒரு பூர்வீகம் உண்டு, அது அன்றாடப் பெயரில் வராது. பெயரும் பூர்வீகமும் ஒன்றானால் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்று சட்டமே இருந்தது. 1997இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. நாம் அதைச் சட்டமாக எழுதவில்லை, அதனால் எந்தக் கோர்ட்டாலும் ரத்து செய்யவும் முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று சொல்வதைவிட, எழுதுவதில்லை என்று சொல்வது நேர்மை.

எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் தாண்டிப் போனவர்கள் சாட்சி. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து ஆட்களை இறக்கியது. கரும்புத் தோட்டத்துக் கூலிகள். துறைமுகத்திலும் தோட்டத்திலும் நோட்டு வைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது பெயர் ஒன்று வேண்டியிருந்தது. நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி எல்லாம் அங்கே நாய்டூ, பிள்ளே, மூட்லி, படயாச்சி என்று குடும்பப் பெயராக உறைந்துபோயின. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். செங்கல்பட்டில் வெட்டியெறிந்தது டர்பனில் தெருவெல்லாம் கடைப்பலகையாக நிற்கிறது. அதைச் சுமக்கும் இளைஞர்களில் பலருக்கு அது ஒரு காலத்தில் சாதி என்பதே எட்டத்துச் சேதி. பிரெஞ்சுக்காரர்களின் குவாடலூப் தீவில் கூலிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904இலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் வழக்காடி வென்றவர் ஹென்றி சிதம்பரோம். அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கோயில் மணி கேட்கும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு சிதம்பரத்தின் மகன் வரிசையில் நின்று அப்பன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் நாளைக் காலையில் செய்யப்போவதும் அதையேதான் என்பது எனக்கு மூன்றாவது தடவை பால் கொடுக்கும்போது உறைத்தது.

நம் முறைப்படி பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பும். தாத்தா பெயரைத் தாங்கி வருபவன் என்பதால் பெயரன், பேரன். சர் சி. வி. ராமனின் ‘சி’ அவர் அப்பா சந்திரசேகரன். ராமனுடைய அண்ணன் மகன் அதே தாத்தாவின் பெயரை வாங்கிக்கொண்டு பிறந்தார். நட்சத்திரங்களுக்கு எடை வரம்பு சொன்ன சந்திரசேகர். ஒரு வீட்டுக்கு 1930இலும் 1983இலும் இரண்டு நோபல் பரிசு. வெளிநாட்டுக் கலைக்களஞ்சியத்தில் ஒருவர் ராமன், ஒருவர் சந்திரசேகர். குடும்பப் பெயரை வைத்துச் சொந்தம் தேடுகிறவனுக்குச் சித்தப்பாவும் மகனும் ஒன்றுமே இல்லாதவர்கள்.

இந்த அழகில் பெண்கள் எங்கே என்றும் கேட்டுக்கொண்டேன். அம்மா பள்ளிச் சான்றிதழில் ரா. சரஸ்வதி, ரேஷன் கார்டில் நா. சரஸ்வதி. என் கல்யாணம் வரை அம்மாவுக்கும் எனக்கும் ஒரே இனிஷியல், அவருக்குப் புருஷன், எனக்கு அப்பா. பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையில் நான் திடீரென்று சி. ஆனேன். யாரும் கேட்கவில்லை. ஜப்பானில் கல்யாணமானால் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் என்று சட்டம். யாருடையது என்று நீங்களே பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள், நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் பேசி முடித்துக் கணவன் பெயருக்கு வந்துவிடுகிறார்கள். நெதர்லாந்துப் பதிவேடு என்னை ஒரு விஷயத்தில் மதிக்கிறது. கல்யாணமானாலும் இங்கே பிறந்த பெயர்தான் பதிவில் கடைசி வரைக்கும். என்னுடையது நாஹிமூட்டு என்றாலும்.

*

காலையில் ஏழு மணி. ஊரில் பத்தரை. அப்பாவுக்குப் போன் போட்டேன். சிவா ராத்திரியே சொல்லிவிட்டார்: "ஊர்ல எப்படியும் சி. நிலாதான். பத்திரிகை அடிக்கறவங்க அதைத்தான் போடுவாங்க. இங்க உங்கப்பா பேரு இருக்கட்டும். எல்லாரும் எப்படியும் அதைத்தானே தப்பாச் சொல்லிப் பழகியிருக்காங்க."

"என்ற பேரா?" என்றார் அப்பா. "அப்புச்சி பேரப் போய் யாராச்சும் வைப்பாங்களா கண்ணு? உங்க மாமியார் வூட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அவங்ககிட்ட இவரே பேசிக்கறாராமுங்ப்பா."

கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தோட்டத்தில் நின்றிருக்கிறார்.

"அது என்ற பேரும் இல்ல சாமி. எங்க அப்பாரு பேரு, எங்கய்யனைப் பெத்தவரு. நாலு காடு வித்துக் குடிச்ச மனுசன். அவரு பேரு அங்க வரைக்கும் வருதாக்கும்?"

"வருதுங்ப்பா. இவ பிள்ளைகளுக்கும் வரும்."

"அப்ப ஒழுங்கா எழுதச் சொல்லு. ‘ச்’ போடோணும். ரேஷன் கார்டுல விட்டுப்போட்டான்."

சிவா போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ‘ச்’ இருக்கிறதா என்று அந்தம்மாவை இரண்டு தடவை பார்க்கச் சொன்னாராம்.

சில வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தடுப்பூசி அழைப்பு. இங்கே குழந்தைக்கு வரும் கடிதத்தில் குழந்தையின் பெயரை முதலெழுத்தும் பின்பெயருமாகப் போட்டு, ‘அவர்களின் பெற்றோருக்கு’ என்று விலாசம் எழுதுவார்கள். உறையின் மேல் ‘என். நாச்சிமுத்து அவர்களின் பெற்றோருக்கு’ என்று இருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். தமிழில் என்ன பொருள் என்று கீழே எழுதியிருந்தேன். உடனே கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, எங்கய்யனுக்கும் ஆத்தாளுக்குமா கடுதாசி வந்திருக்குது?"

"ஆமாங்ப்பா."

"அவுங்க போயி இருவது வருசமாச்சே. என்னன்னு எழுதியிருக்குறான்?"

"உங்களுக்கு ஊசி போடோணுமாமுங்ப்பா. கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."